தெரிந்தும் காட்டாத புண்: ஃபிராய்டின் வாய்ப் புற்றுநோய், ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 66 வயது ஆண், வியன்னாவில் வசிப்பவர். 1881இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். இளமையில் நரம்புத் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தவர். நாளொன்றுக்கு 20 சுருட்டு வரை புகைப்பவர், அதுவும் பல பத்தாண்டுகளாக. 1923 பிப்ரவரியில் வலப்பக்க மேல் அண்ணத்தில், தாடையை ஒட்டி, ஒரு தடிப்பைத் தாமே கண்டார். எபிதீலியோமா, அதாவது மேற்படலத்தில் தோன்றும் புற்றுநோய் என்று தமக்குள் முடிவும் செய்துகொண்டார். முதல் அறுவை நடந்தது ஏப்ரல் 20 அன்று. நடுவே இரண்டு மாதங்கள்.

நோயாளியின் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட், உளப்பகுப்பாய்வை உருவாக்கியவர். வாய்ப் புற்றுநோய்க்கு மக்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில் 'விழிப்புணர்வு இல்லை' என்பது. அந்தப் பதிலை இவரிடம் சொல்ல முடியாது. என்ன நோய் என்று தெரியும், எதனால் வந்தது என்று தெரியும், ஊரின் சிறந்த மருத்துவர்கள் எல்லாம் அறிமுகமானவர்கள், சிகிச்சைக்கு வழியும் உண்டு. வழக்கமாக நாம் காரணம் காட்டும் தடைகள் எதுவுமே இல்லாத ஒருவர் தாமதித்திருக்கிறார். அதனாலேயே இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். தடைகளை எல்லாம் நீக்கிய பிறகும் மிஞ்சுவது எது என்பதை இங்கே பார்க்கலாம்.

முன்வரலாறு

1923இல்தான் கதை தொடங்கியது என்று எண்ண வேண்டாம். 1917 நவம்பரில், முதல் உலகப்போரின் பற்றாக்குறைக் காலத்தில், நண்பர் ஃபெரென்ஸிக்கு ஃபிராய்ட் ஒரு கடிதம் எழுதினார். சுருட்டு தீர்ந்துவிட்டது, எரிச்சலும் சோர்வும் படபடப்பும். அண்ணத்தில் சில காலமாக இருந்த வலியுள்ள வீக்கம் அதிகமாகிவிட்டது. 'புற்றுநோயோ?' என்ற கேள்வியும் அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் வருகிறது. பிறகு ஒரு நோயாளி 50 சுருட்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைப் பற்றவைத்ததும் மனம் தெளிந்தது, வீக்கமும் விரைவில் தணிந்தது.

இந்தக் கடிதத்தில் தாமதத்தின் முழு இயக்கமும் இருக்கிறது. சந்தேகம் வந்தது, சரியான பெயரோடு வந்தது. ஆனால் அறிகுறி தானாகத் தணிந்ததும் சந்தேகமும் சேர்ந்து தணிந்துவிட்டது. அந்த வீக்கத்துக்கும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கட்டிக்கும் தொடர்பு உண்டா என்பதை நான் இங்கே தீர்மானிக்கப் போவதில்லை. நம் கேள்விக்கு அது தேவையும் இல்லை. 'போன தடவையும் இப்படித்தான் வந்தது, தானாகப் போய்விட்டது' என்ற அனுபவம் அவருக்குக் கிடைத்துவிட்டது, அது போதும்.

இன்னொரு முன்வரலாறும் உண்டு. 1890களில் இதயத் துடிப்பில் கோளாறு வந்தபோது, நண்பரான மருத்துவர் ஃப்ளீஸ் புகையை விடச் சொன்னார். ஃபிராய்ட் விட்டுப் பார்த்தார், தவித்தார், மறுபடி பிடித்தார். மருத்துவரிடம் போனால் முதல் வார்த்தையாக எது வரும் என்பது 1923இல் அவருக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

1923 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை

தடிப்பைக் கண்டதும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டாருக்குத் தெரியாது. புகையை விடச் சொல்வார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் கருதுகிறார்கள். பிறகு தோல் மருத்துவரான நண்பர் மாக்சிம் ஸ்டைனரிடம் காட்டினார். அகற்றிவிடலாம் என்றார் அவர். ஏப்ரல் தொடக்கத்தில் வேறு வேலையாக வந்த ஃபெலிக்ஸ் டாய்ச் என்னும் இளைய மருத்துவரிடமும் வாயைத் திறந்து காட்டினார். பார்க்கப் பிடிக்காத ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள், தயாராக இருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் காட்டினார்.

டாய்ச்சுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஆனாலும் 'மோசமான வெண்படலம்', அதாவது வாயின் உட்புறத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டு என்றுதான் சொன்னார். வேதனையோடு சாக நேர்ந்தால் கௌரவமாக உலகைவிட்டுப் போக உதவ வேண்டும் என்று அதே உரையாடலில் ஃபிராய்ட் கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று டாய்ச் பயந்தார்.

அடுத்தது நான் மிகவும் கவனிக்கும் இடம். வியன்னாவில் திறமைமிக்க அறுவை மருத்துவர்கள் பலர் இருக்க, ஃபிராய்ட் போனது மூக்கு-தொண்டை மருத்துவர் மார்க்கஸ் ஹாயெக்கிடம். ஹாயெக்கின் திறமையில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை. வெளிநோயாளியாக வந்து செய்துகொண்டு போய்விடலாம் என்ற சின்ன ஏற்பாடு. வீட்டுக்குச் சொல்லாமலே போனார். அறுவையில் எதிர்பார்த்ததைவிட அதிக ரத்தம் போனது. மருத்துவமனையிலிருந்து தகவல் வந்து மனைவியும் மகள் அன்னாவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, உடையெல்லாம் ரத்தக்கறையோடு ஒரு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்று பிற்பகல் மீண்டும் ரத்தம் பீறிட்டது. அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அவரால் பேசவும் இயலவில்லை. அதே அறையில் இருந்த குள்ளமான, மனவளர்ச்சி குன்றிய ஒரு நோயாளி ஓடிப்போய் உதவிக்கு ஆள் அழைத்து வந்தார்.

ஐந்து நாள் கழித்துச் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராய்ட் நிதானமாகவே விவரிக்கிறார்: இரண்டு மாதங்களுக்கு முன் கண்ட வளர்ச்சியை அகற்றியாயிற்று, தீங்கற்றது என்று உறுதி சொல்கிறார்கள், என் நோயறிதல் வேறு, ஆனால் அதை ஏற்கவில்லை. திசுச் சோதனை முடிவு உண்மையில் புற்றுநோய் என்றே வந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. எக்ஸ்-ரே, ரேடியம் ஆகிய கதிர்வீச்சுச் சிகிச்சைகள் கொடுத்தார்கள். தீங்கற்ற கட்டிக்கு ரேடியம் எதற்கு என்று மருத்துவம் படித்த ஃபிராய்டுக்குக் கேள்வி எழாமல் இருந்திருக்குமா? கேட்க விரும்பாதவருக்கும் சொல்ல விரும்பாதவர்களுக்கும் நடுவே ஒரு பேசா ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜூனில் செல்லப் பேரன் ஹைனெலே காசநோயால் இறந்தான். அந்தத் துயரம் அவரை வெகுவாக உலுக்கியது. கோடையில் டாய்ச் நெருங்கிய சீடர்களிடம் உண்மையைச் சொன்னார். ஃபிராய்டிடம் மட்டும் சொல்லவில்லை. அன்னாவோடு ரோம் நகருக்கு ரயிலில் போகும்போது அவர் வாயிலிருந்து திடீரென்று ரத்தம் பீறிட்டது. திரும்பி வந்த பின்தான் தாடை அறுவை நிபுணர் ஹான்ஸ் பிக்லரின் கைக்குச் சிகிச்சை போனது. அக்டோபரில் இரண்டு கட்டமாகச் செய்த அறுவையில் வலப்பக்க மேல் தாடையின் பெரும்பகுதியும் அந்தப் பக்க அண்ணமும் அகற்றப்பட்டன. வாயையும் மூக்கையும் பிரிக்க ஒரு செயற்கைத் தட்டு பொருத்தினார்கள். வீட்டில் அதற்கு வைத்த பெயர் 'அரக்கன்'.

கணக்குப் போட்டால்: முதலில் கண்ட பிப்ரவரியிலிருந்து முறையான சிகிச்சை நடந்த அக்டோபர் வரை எட்டு மாதங்கள். அதில் நோயாளி தள்ளிப்போட்டது இரண்டு. மீதி ஆறு மாதங்களும் மருத்துவ உலகின் பங்கு. தாமதம் என்றாலே நோயாளியை நோக்கி விரல் நீட்டுபவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எதற்குப் பயந்தார்?

புற்றுநோய் என்று தாமே முடிவு செய்த மனிதரைச் 'சாவுக்குப் பயந்தார்' என்று விளக்க முடியவில்லை. சாவைப் பற்றி டாய்ச்சிடம் வெளிப்படையாகவே பேசினார். அவர் தவிர்த்தது மருத்துவரின் ஒரு வாக்கியத்தை: 'சுருட்டை விடுங்கள்.' பெரிய அறுவைக்குப் பிறகும் அவர் விடவில்லை. தாடை இறுகி வாய் திறப்பது கடினமானபோதும் எப்படியாவது இடைவெளி உண்டாக்கிச் சுருட்டை வைத்துக்கொண்டார்.

வாய்ப் புற்றுநோயில் இந்த அச்சத்தின் எடை அதிகம். புகைபிடித்தல், மெல்லும் புகையிலை, பாக்கு, மது ஆகியவை பெரும்பாலான நோயாளிகளின் வரலாற்றில் உண்டு. அப்படிப்பட்ட நோயாளி மருத்துவர் முன் வாயைத் திறக்கும்போது புண்ணோடு சேர்த்துப் பழக்கத்தையும் திறந்து காட்டுகிறார். பற்களின் கறையை மறைக்க முடியாது. 'எத்தனை வருஷமாக?' என்ற கேள்வி வரும், திட்டு வரும், கூட வந்த மகனோ மருமகளோ அதைக் கேட்பார்கள். நெஞ்சுவலிக்காரருக்கு இந்தக் கூச்சம் இல்லை. இவரோ நோயாளியாக வரும் முன்பே குற்றவாளியாக வருகிறார்.

ஹாயெக்கைத் தேர்ந்தெடுத்ததையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். தாமதிப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஏதாவது செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்: மருந்துக்கடையில் ஒரு களிம்பு, வைட்டமின் மாத்திரை, உப்புநீர்க் கொப்பளிப்பு, தெரிந்த ஒருவரிடம் ஒரு யோசனை. லேசான பதில் சொல்லக்கூடியவரைத் தேடிப் போவதும் அதில் அடங்கும். அந்தப் பதில் கிடைத்துவிட்டால் 'காட்டியாயிற்று' என்ற நிம்மதியோடு இன்னும் சில மாதங்கள் ஓடும்.

மருந்துகளும் இதற்கு ஒத்தாசை செய்கின்றன. புற்றுப் புண்ணைச் சுற்றிலும் சாதாரண அழற்சியும் கிருமித் தொற்றும் இருக்கும். கொப்பளிக்கும் மருந்து அதைக் குறைக்கும். ஸ்டீராய்டு களிம்பு எரிச்சலை அடக்கும். புண் சற்றுச் சிறுத்ததுபோல் தெரியும். 'குறைகிறது' என்று நோயாளி சொல்வது பொய்யல்ல. குறைந்தது அழற்சி மட்டும்தான். 1917இல் ஃபிராய்டின் அண்ணம் தணிந்தபோது அவர் அடைந்த நிம்மதியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

வாய் ஏன் ஏமாற்றுகிறது

வாய்ப் புண் வராத மனிதர் இல்லை. கன்னத்தைக் கடித்துக்கொள்கிறோம், சூடானதைக் குடித்துவிடுகிறோம், உடைந்த பல் உரசுகிறது. வாயின் உட்படலம் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. சாதாரணப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆக, பொறுத்திருந்தால் சரியாகும் என்ற பாடத்தை வாழ்நாள் முழுவதும் நம் வாயே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இரண்டு மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் காட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் புண் எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறித்து வைப்பவர் யார்? 'ஒரு மாதம் இருக்கும் டாக்டர்' என்பார். கூட வந்த மனைவி 'தீபாவளிக்கு முன்னாலேயே சொன்னீர்களே' என்று திருத்துவார்.

வலிதான் இன்னொரு குழப்பம். கடித்த புண் வலிக்கும். தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. நம் மனக்கணக்கு இதற்கு நேர் எதிரானது: வலித்தால் ஆபத்து, வலிக்காவிட்டால் பரவாயில்லை. வெள்ளைத் திட்டும், அதைவிட ஆபத்தான செந்திட்டும் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். காதுக்குப் பரவும் வலி, வாய் முழுதாகத் திறக்க முடியாமை, உதடு மரத்தல், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கெட்டியான கட்டி ஆகியவை பிந்திய அறிகுறிகள். கழுத்து நிணநீர்க் கணு ஒன்றில் பரவினாலே பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இத்துறையில் நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு.

புண் இருக்கும் இடமும் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. நாக்கின் பக்கவிளிம்பு, நாக்குக்கு அடியில் வாயின் தரைப்பகுதி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்புறம். கண்ணாடி முன் வாயைப் பிளந்து நின்றாலும் இவை தெரியாது. பரிசோதிப்பவர் நாக்கின் நுனியைப் பஞ்சுத்துணியால் பிடித்து ஒருபுறமாக இழுத்து, விளக்கடியில் விளிம்பை முழுவதும் பார்ப்பார். பிறகு விரலால் அழுத்திப் பார்ப்பார். சாதாரணப் புண்ணின் ஓரம் மெத்தென்று இருக்கும். புற்றுப் புண்ணின் ஓரமும் அடியும் கெட்டித்திருக்கும், விரலுக்கு அது உடனே தெரியும். ஒரு நிமிட வேலை இது. எந்தக் கருவியும் வேண்டாம்.

தாமதத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் உண்டு. பார்பரா ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 'இது என்னவாக இருக்கும்' என்று யோசிக்கும் கட்டம், 'இது நோய்தான், மருத்துவரைப் பார்க்க வேண்டுமா' என்று முடிவெடுக்கும் கட்டம், போவதற்கு நாள் குறிக்கும் கட்டம் என்று அது நீளும். வேறு புற்றுநோய்களில் செய்த அந்த ஆய்வில் பெரும்பகுதி நாட்கள் முதல் கட்டத்திலேயே கழிந்திருந்தன. சாதாரண வாய் நோயாளிக்கும் இது பொருந்தும். ஃபிராய்டுக்குப் பொருந்தவில்லை, அவர் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டு இரண்டாவதில் நின்றார். எல்லாருக்கும் ஒரே சுவரொட்டியை ஒட்டினால் போதும் என்று நினைப்பதன் குறை இங்கே தெரிகிறது. புண்ணின் படத்தைக் காட்டும் சுவரொட்டி, என்னவென்று தெரியாதவருக்கு உதவும். தெரிந்தும் வராதவரைக் கூட்டிவராது.

ஒப்பீட்டுக்கு இரு வாய்கள்

யுலிஸஸ் கிராண்ட், அமெரிக்காவின் முன்னாள் அதிபர். 1884 கோடையில் பீச் பழம் ஒன்றைக் கடித்தபோது தொண்டையில் சுரீர் என்று வலித்தது. குளவி கொட்டியதாக நினைத்தார். இவருக்கு வலி இருந்தது. மனைவி ஜூலியா மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த மருத்துவர் டா கோஸ்டா பரிசோதித்து, குடும்ப மருத்துவரிடம் உடனே போங்கள் என்றார். குடும்ப மருத்துவர் ஐரோப்பா போயிருந்தார். கிராண்ட் அவர் திரும்பும் வரை காத்திருந்தார், அக்டோபர் வரை. அந்த ஆண்டு மே மாதம்தான் கூட்டாளியின் மோசடியால் மொத்தச் சொத்தும் போயிருந்தது. பணத்துக்காகப் போர் அனுபவங்களைப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். 'இந்த வேலை முடியட்டும், நம் டாக்டரே வந்துவிடட்டும்' என்ற ஒத்திவைப்பு மிக நியாயமாகவே ஒலிக்கும். தாமதத்தில் இதுவே அதிகம் கண்ணில் படாத வகை. வெளியிலிருந்து பார்த்தால் பொறுப்பான நடத்தை போலவே இருக்கும். அக்டோபரில் நிபுணர் டக்ளஸ் பார்த்தபோது நாக்கின் அடிப்பகுதிப் பக்கம் நோய் முற்றியிருந்தது. 1885 ஜூலை 23 அன்று இறந்தார்.

க்ரோவர் கிளீவ்லாண்ட் பதவியில் இருந்த அதிபர். 1893இல் மேல் அண்ணத்தில் ஒரு சொரசொரப்பு. ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகை மருத்துவர் பார்த்தார். ஜூலை 1 அன்று ஒரு உல்லாசப் படகில் ரகசியமாக அறுவை நடந்தது. மறைப்பதற்கு இவரைவிட வலுவான காரணம் வேறு யாருக்கு இருந்திருக்கும்? நாடு நிதி நெருக்கடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஊரிடம் மறைத்தார், மருத்துவரிடம் மறைக்கவில்லை. அறுவை மருத்துவர் ஜோசஃப் பிரையன்ட், தம் வாயில் இருந்தால் உடனே எடுத்துவிடுவேன் என்று நேராகச் சொன்னார். கிளீவ்லாண்ட் 1908 வரை வாழ்ந்தார். அவருக்கு இருந்தது மெதுவாக வளரும் வகைப் புற்று என்று பல பத்தாண்டுகள் கழித்துத் திசுவை மறுபடி ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆகவே வேகம் மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். அதேபோல, முற்றிய நிலையில் வரும் எல்லாரும் தாமதித்தவர்கள் அல்லர். சில கட்டிகள் வாரக் கணக்கில் பாய்கின்றன. அந்த நோயாளிகளிடம் 'முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா' என்று கேட்பது அநியாயம்.

மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இது: மூவருக்கும் ஏதோ சரியில்லை என்பது தெரிந்திருந்தது. நாட்களைத் தீர்மானித்தது, முதலில் யாரிடம் காட்டினார்கள், அவர் என்ன சொன்னார் என்பதே. அதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வும் வேறு வழியில் காட்டியது. நோயாளி வரும் வரை காத்திராமல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கெட்ட செய்தி கேட்கப் போகிறோம் என்று தெரிந்தே கிளம்பிப் போகும் சுமை அங்கே நோயாளியின் தோளில் இல்லை. உலகளவில் 2022இல் மட்டும் உதடு, வாய்ப் புற்றுநோய் சுமார் 3.9 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது என்ற கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 34 சதவீதத்தின் அளவு புரியும்.

பல் மருத்துவ இருக்கையில் நடக்கும் தாமதத்தையும் சொல்ல வேண்டும். ஆடுகிறது என்று பல்லைப் பிடுங்குகிறார்கள், குழி ஆறுவதில்லை. செயற்கைப் பல்வரிசை உரசுகிறது என்று அதைத் தேய்த்துக் கொடுக்கிறார்கள், இரண்டாவது முறையும் தேய்க்கிறார்கள். உரசலை நீக்கி இரண்டு வாரம் ஆகியும் புண் அப்படியே இருந்தால் தேய்க்க வேண்டியது எதுவும் இல்லை; திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயம் நோயாளியிடம் இருக்கும். அதைப் பொறுமையாகப் பேசித் தீர்க்க வேண்டும்: அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சிறு துணுக்கு எடுக்கும் சோதனைக்குப் பயந்து வராமல் போகிறவரிடம்தான் நோய் பரவ நேரம் கிடைக்கிறது. பழக்கத்தைப் பற்றிய கண்டிப்பு அன்றைக்கே வேண்டாம். முதல் வருகையில் திட்டு வாங்கியவர் சோதனை முடிவை வாங்க வராமல் போகலாம்.

பிந்திய வரலாறு

டாய்ச் மறைத்தது பின்னர் தெரிந்ததும் ஃபிராய்ட் கோபப்பட்டார். டாய்ச் அவருடைய மருத்துவராக நீடிக்கவில்லை. சீடர்களும் அறிந்திருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஜோன்ஸ் சொன்னபோது, எந்த உரிமையில் என்று கேட்டார். 1920களின் இறுதியில் மாக்ஸ் ஷூர் தம் மருத்துவரானபோது ஃபிராய்ட் வைத்த முதல் நிபந்தனை, எப்போதும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது. 16 ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. வெண்படலம் புதிது புதிதாக வந்தது. பிக்லர் பார்த்துப் பார்த்து அகற்றினார்.

1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் சென்றார். 1939 தொடக்கத்தில் வாயின் உட்புறத்தில் எழுந்த ஒரு வீக்கத்தைக் கண்டு ஷூர் சந்தேகப்பட்டார். லண்டன் நிபுணர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பிப்ரவரி இறுதியில் எடுத்த திசுச் சோதனை புற்றுநோயை உறுதி செய்தது. அறுவைக்கு எட்டாத இடம். கதிர்வீச்சு கொடுத்தார்கள். செப்டம்பர் 23 அன்று இறந்தார். இந்த முறை நோயாளி எதையும் மறைக்கவில்லை. கழிந்துபோன வாரங்கள் மருத்துவர்களுடையவை.